பிரபஞ்சம் எதுக்குள்ள விரியுது? – கடிதம்

வணக்கம் அண்ணா,

பிரபஞ்சம் விரியுதுன்னா எதுக்குள்ள விரியுதுன்னு பையன் கேக்குறான், பதில் சொல்லத் தெரியல. யூடியூப்ல பலூன் ஊதிக் காட்டுறாங்க, ஆனா பலூனுக்கு வெளிய ரூம் இருக்கே? எல்லாம் விலகிப் போகுதுன்னா பக்கத்து கேலக்ஸி ஆண்ட்ரோமெடா மட்டும் ஏன் நம்ம பக்கம் வருது?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

பையன் சரியான இடத்துல கை வெச்சிருக்கான். பலூன்ல அந்த ரப்பர் தோல் மட்டும்தான் கணக்கு, உள்ள இருக்குற காத்தும் வெளிய இருக்குற ரூமும் கணக்குலயே வராது, இத சொல்லாம விட்டுடறாங்க, அதான் குழப்பம். காஸ்மாலஜிக்காரங்க, அதாவது பிரபஞ்சத்த மொத்தமா ஆராயுறவங்க, அவங்க சமன்பாட்டுல விளிம்புன்னே ஒண்ணு கிடையாது. ரெண்டு கேலக்ஸிக் கூட்டத்துக்கு நடுவுல இருக்குற தூரம் காலப்போக்குல எத்தன மடங்கு ஆகுதுன்னு சொல்ற ஒரு எண்ணத்தான் அவங்க பாக்குறாங்க. அந்த எண் கூடுறதுக்கு வெளிய இடமும் வேணாம், மையமும் வேணாம், எந்தக் கேலக்ஸில நின்னு பாத்தாலும் ரொம்ப தூரத்துல இருக்குறதெல்லாம் விலகிப் போற மாதிரிதான் தெரியும்.

இத ஒளியிலயே படிச்சிடலாம்ங்கறதுதான் எனக்கு இன்னமும் சிலிர்ப்பு. நட்சத்திரத்துல இருக்குற கால்சியம் ஒளிய உறிஞ்சுறதால ஸ்பெக்ட்ரத்துல, அதாவது அலைநீளம் வாரியாப் பிரிச்ச ஒளியில, 393, 397 நானோமீட்டர்ல ரெண்டு கருப்புக் கோடு விழும். கலிஃபோர்னியாவுல மவுண்ட் வில்சன் மலைக்கு கோவேறு கழுதைல சாமான் ஏத்திக்கிட்டு இருந்தவர் மில்டன் ஹியூமேசன், பள்ளிக்கூடப் படிப்பே முடிக்காதவர், அவர் பின்னாடி அங்கயே 100 இன்ச் டெலஸ்கோப்ல உக்காந்து என்ஜிசி 7619ங்குற ஒரு மங்கலான கேலக்ஸிய பல ராத்திரி சேத்து 33 மணி நேரம் ஒரு ஃபோட்டோ பிளேட்டும் 45 மணி நேரம் இன்னொரு பிளேட்டும் எடுத்தார். 393ல இருக்க வேண்டிய கோடு 398 கிட்ட போயிருந்துச்சு. அந்த நகர்வ விலகிப் போற வேகமா மாத்தினா செகண்டுக்கு 3,779 கிலோமீட்டர். 1929ல கேலக்ஸிகள் விலகிப் போறது பத்தி வானியலாளர் எட்வின் ஹபிளோட கட்டுரை வந்தப்ப ஹியூமேசனோட இந்த அளவீடும் கூடவே வந்துச்சு, பேர் மொத்தமும் ஹபிளுக்குப் போயிடுச்சு, பையன்கிட்ட ஹியூமேசன் பேரையும் சொல்லுங்க. இன்னைக்கு கோடு தள்ளிப் போற அந்த நகர்வ ஒளியோட நீட்சியாவே எடுத்துக்கறாங்க, அலைநீளம் ரெண்டு மடங்கா நீண்டு வந்தா ஒளி கிளம்பினப்ப தூரமெல்லாம் இப்ப இருக்குறதுல பாதி, அவ்ளோதான்.

ஆண்ட்ரோமெடா வெறும் 25 லட்சம் ஒளியாண்டு தூரம், அதுவும் நம்ம பால்வெளியும் ஈர்ப்புல கட்டுண்டு கிடக்கு, அங்க விரிவு எடுபடாது. உங்க வீடு, சூரியக் குடும்பம் எதுவும் விரியல. அதே நேரம் அஞ்சரை கோடி ஒளியாண்டு கிட்ட இருக்குற கன்னிராசி கேலக்ஸிக் கூட்டம் செகண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல விலகிப் போயிட்டு இருக்கு.