வால்வு எரிகிறதா, விளக்கு எரிகிறதா?

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு நூல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இரவு பத்து மணிக்கு மேல்தான் எனக்குப் பாட்டு. ஆடியோ டெக்னிகா எம்50எக்ஸ் ஹெட்போனை ஒரு டாங்கிள் (போனில் செருகும் குட்டி ஒலிக் கருவி) வழியாகப் போனில் மாட்டிக் கேட்கிறேன். பெரும்பாலும் எழுபது, எண்பதுகளின் சினிமாப் பாட்டு, கொஞ்சம் கச்சேரி. வால்வு (பழைய ரேடியோவில் சிவந்து எரியும் கண்ணாடிக் குழல்) ஆம்ப்ளிஃபயரில் குரல் உருகி வரும் என்று நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து அதே நினைப்பு. கையில் 15 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. இரண்டு குட்டி வால்வு வைத்த ஒன்று 3,500க்குக் கிடைக்கிறது. பழைய டார்க்வாய்ஸ் 336 வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை 14 ஆயிரத்துக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். எதை வாங்கலாம்? இன்னொன்று: தாத்தாவின் வால்வு ரேடியோ பரணில் கிடக்கிறது. அதிலிருந்து வால்வைக் கழற்றி இதில் போட்டுக்கொள்ளலாமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

குரல் உருகி வரும் என்று எழுதியது நான்தான். எந்த ஹெட்போனில் என்று எழுதாமல் விட்டதும் நான்தான். விட்டுப்போனதை இப்போது எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த டார்க்வாய்ஸ். நல்ல சாமான், ஆனால் உங்கள் ஹெட்போனுக்கு ஆகாது. அது ஓ.டி.எல். வகை. அதாவது வெளியே போகும் வழியில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 6ஏஎஸ்7 என்ற தடித்த வால்வு நேராக ஹெட்போனை ஓட்டும். இந்த வகையில் அவுட்புட் இம்பிடன்ஸ், அதாவது வெளியே போகும் சிக்னலுக்குப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் தடை, அதிகம்; அதை ஓமில் அளப்பார்கள். 120 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு உங்கள் தொழில், நீங்களே போட்டுப் பாருங்கள். எம்50எக்ஸ் 38 ஓம். இரண்டும் சேர்ந்தால் 158. ஆம்ப்ளிஃபயர் ஒரு ரூபாய் வோல்ட்டேஜ் கொடுத்தால் ஹெட்போனுக்கு வந்து சேர்வது 24 பைசா, மீதி பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். சத்தம் குறைவது மட்டும் இல்லை. அதிரும் சவ்வை ஆம்ப்ளிஃபயர் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்தப் பிடி தளர்ந்துவிடும். ஏற்கெனவே பேஸ் தூக்கலான ஹெட்போன் அது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தொளதொளவென்று கேட்கும்.

இதே பெட்டியில் சென்ஹைசர் எச்.டி. 600 மாட்டினால் கதையே வேறு. அது 300 ஓம்; 71 பைசா வந்து சேரும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 300 என்பது பெயரளவுக்குத்தான். 100 ஹெர்ட்ஸ் பக்கம் அது 500 ஓமுக்கு மேல் ஏறிவிடும். அந்த இடத்தில் மட்டும் 80 பைசாவுக்கு மேல் வரும். ஆகவே குரலுக்குக் கீழே இருக்கும் பகுதி சுமார் ஒரு டெசிபல் தடித்துக் கேட்கும். வால்வின் வெதுவெதுப்பு என்று நாங்கள் உருகி உருகி எழுதுவதில் ஒரு பங்கு வெறும் ஓம் கணக்கு. இது தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

மீதிப் பங்கு வால்வினுடையதுதான். ஒரு ச உள்ளே போனால், வெளியே வரும்போது மேல் ஸ்தாயி ச மிக மெல்லியதாக ஒட்டிக்கொண்டு வரும். கருவியில் அளந்தால் அது டிஸ்டார்ஷன். காதுக்குக் குரலோடு சேர்ந்துவிடுவதால் பிழையாகத் தெரியாது, குரல் கொஞ்சம் பருத்த மாதிரி இருக்கும். நல்ல டாங்கிளில் இந்தப் பிழை இருப்பதே தெரியாது. உங்களுக்கு வேண்டியது தெளிவு என்றால் ஏற்கெனவே கையில் இருக்கிறது. 15 ஆயிரத்தை அப்படியே வைத்திருந்து நல்ல ஹெட்போனுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன். செய்ய மாட்டீர்கள், தெரியும். நானும் செய்யவில்லை.

சரி, அந்த 3,500 ரூபாய் சாமான். அதே மாதிரி ஒன்றை நானும் வாங்கினேன். வந்த அன்றே இரவு விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு குட்டி வால்வும் செக்கச்செவேலென்று எரிந்தன. வால்வு இவ்வளவு பிரகாசமாகவா எரியும் என்று ஒரு சந்தேகம். அணைத்து, ஆறவிட்டு, ஒரு வால்வை உருவிவிட்டு மறுபடியும் போட்டேன். அந்தப் பக்கக் காதில் பாட்டு நின்றுவிட்டது. வெளிச்சம் நிற்கவில்லை. சாக்கெட்டின் நடு ஓட்டையில் ஒரு ஆரஞ்சு எல்.இ.டி. எரிந்துகொண்டிருந்தது! வால்வின் சொந்த வெளிச்சம் அடுப்பில் அணையப்போகும் கரி அளவுக்குத்தான் இருக்கும். முழு மோசடி என்று சொல்ல மாட்டேன். பாட்டு நின்றதே, வால்வு வேலை செய்யத்தான் செய்தது. ஆனால் நூறு வோல்ட்டுக்கு மேல் ஓட வேண்டிய வால்வைப் பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் ஓட்டினால் அது அரைப் பட்டினியில்தான் பாடும்.

உங்களுக்குப் பொருந்துவது ஹைப்ரிட் வகை. முன்னால் வால்வு, பின்னால் டிரான்சிஸ்டர். குரலைப் பருக்க வைப்பது முன்னது, 38 ஓம் ஹெட்போனை முறுக்காக ஓட்டுவது பின்னது. அவுட்புட் இம்பிடன்ஸ் சில ஓம்களுக்குள் இருக்க வேண்டும். ஹெட்போனில் எட்டில் ஒரு பங்குக்குள் என்பது பொதுவான கணக்கு, உங்களுக்கு ஐந்து ஓமுக்குள். அமெரிக்காவின் ஷிட் கம்பெனி (பெயர் அதுதான், தெரிந்தே வைத்தது) செய்யும் வாலி, சீனாவின் எக்ஸ்டூ செய்யும் ஹைப்ரிட்கள், இவற்றில் தேடுங்கள். வாலியின் அமெரிக்க விலை 149 டாலராக இருந்தது. கூரியரும் சுங்கமும் சேர்ந்தால் உங்கள் 15 ஆயிரம் போதாமல் போகலாம். நாட்டுக்குள்ளேயே யாராவது விற்கும் பழையதைப் பிடிப்பது மேல்.

பழையது வாங்கும்போது முதலில் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 115 வோல்ட் என்று போட்டிருந்தால் நம் 230ல் செருகவே கூடாது. நண்பர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்ததை நான் செருகினேன். டப் என்று ஒரு சத்தம், அப்புறம் மெழுகு கருகுகிற வாசனை. அவர் இன்றும் அதைப் பற்றிக் கேட்பதில்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

பழகிக்கொள்ள வேண்டியவை சில உண்டு. போட்டவுடன் பாட வராது, அரை நிமிடம் ஆகும்; அதுவரை ஹெட்போனை மாட்ட வேண்டாம். மேசையைத் தட்டினால் காதில் ணங் என்று கேட்கலாம், கோளாறு இல்லை. சூடும் இருக்கும். அந்த டார்க்வாய்ஸில் பெரிய வால்வின் இழை மட்டுமே 16 வாட் தின்னும். மே மாதத்து ஈரோட்டில் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். வால்வு மாற்றிப் பார்க்கும் ஆசையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள். மாற்றம் கேட்கும், ஆனால் செலவழித்த அளவுக்குக் கேட்காது.

கடைசியாக, தாத்தாவின் ரேடியோ. கழற்றாதீர்கள். ரேடியோவில் பெரும்பாலும் இருப்பது இசிஎச்81, இஎல்84 மாதிரியான வால்வுகள். சில உங்கள் சாக்கெட்டில் உட்காரக்கூடச் செய்யும், ஆனால் உள்ளே கால்களின் வேலை வேறு. அப்படியே கரன்ட்டும் கொடுத்துவிடாதீர்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்ததில் கண்டன்சர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) செத்திருக்கும். வால்வு ரேடியோ தெரிந்த மெக்கானிக் ஒருவர் அவற்றை மாற்றிய பிறகு போடலாம். வால்வின் கண்ணாடியில் பெல் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் அது பெங்களூரு சரக்கு. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961ல் ரேடியோ வால்வு செய்யத் தொடங்கியது. பரணிலிருந்து இறக்கினால் பின்பக்க அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். உள்பக்கத்தில் தாள் ஏதாவது ஒட்டியிருந்தால் அதையும்.