டெட்லிஃப்ட் செய்யும்போது வாட்ச் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கேள்வி: எனக்கு 36 வயது. ஜிம்மில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டுதான் பயிற்சி செய்கிறேன். டிரெட்மில்லில் ஓடினால் இதயத்துடிப்பு 150, 160 என்று காட்டுகிறது. தரையில் இருந்து எடைக் கம்பியைத் தூக்கும் டெட்லிஃப்ட் முடித்து மூச்சு வாங்க நிற்கும்போது 95 என்கிறது. வாட்ச்சில் கோளாறா? அது காட்டும் கலோரி அளவுக்குக் கூடுதலாகச் சாப்பிடலாமா?

பதில்: வாட்ச் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. மணிக்கட்டில் வைத்து அளக்கும் முறைக்கும் எடைப் பயிற்சிக்கும் ஒத்துவராது, அவ்வளவுதான்.

வாட்ச்சைத் திருப்பிப் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் வெளிச்சமும் ஏறி இறங்கும். அதை எண்ணித்தான் வாட்ச் துடிப்பைச் சொல்கிறது. கம்பியை இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசை விறைக்கும், மணிக்கட்டில் தசைநார்கள் அசையும், வாட்ச்சும் லேசாக நகரும். ரத்த ஓட்டத்தின் சிறிய ஏற்ற இறக்கம் இந்தக் கலவரத்தில் காணாமல் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, ஒரு செட், அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து தூக்கும் ஒரு சுற்று, அரை நிமிடத்தில் முடிந்துவிடும். வாட்ச் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டும் என்பதால், எண் ஏறுவதற்குள் நீங்கள் ஓய்வுக்கு வந்துவிடுவீர்கள்.

டிரெட்மில் எண்ணையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில சமயம் காலடி வேகத்தையே இதயத்துடிப்பாக எடுத்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 160 அடி வைக்கும்போது துடிப்பும் 160-லேயே ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். ஓட்டத்தை நிறுத்தி இறங்கியவுடனே கட்டைவிரலுக்குக் கீழே நாடியை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். அதே நேரத்தில் வாட்ச் காட்டும் எண்ணோடு அது ஏறக்குறைய ஒத்துப்போனால் நம்பலாம்.

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே ஏற்றி, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். பயிற்சி முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். அந்த இடத்தில் அடர்த்தியாகப் பச்சை குத்தியிருந்தால் ஒளி சரியாக உள்ளே போகாது. எடைப் பயிற்சியிலும் துல்லியமான எண் வேண்டும் என்றால் நெஞ்சில் கட்டும் பட்டைதான் என் பரிந்துரை. அது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. கட்டுமுன் உட்புறத்தைத் தண்ணீர் தொட்டு நனைக்க மறக்காதீர்கள்.

அப்புறம் கலோரி. அதை நம்பிச் சாப்பிடவே வேண்டாம். 2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 7 கருவிகளைச் சோதித்தார்கள். இதயத்துடிப்பில் 6 கருவிகளின் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம். சோதித்தது நடை, ஓட்டம், சைக்கிள் போன்றவற்றில். எடைப் பயிற்சியில் துடிப்பே தவறாகப் பதிவாகும்போது, அதை வைத்துப் போடும் கலோரிக் கணக்கு எப்படிச் சரியாக வரும்? வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள், சாப்பாட்டை அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

எடைப் பயிற்சியில் வாட்ச்சின் டைமர்தான் எனக்குப் பிடித்த வசதி. கனமான செட்டுகளுக்கு நடுவே 2, 3 நிமிடம் முழுசாக ஓய்வெடுக்கப் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. கெட்டில்பெல் (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) எடுக்கும் நாளில் மட்டும் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிடுங்கள், குண்டு மணிக்கட்டில் மோதிக் கண்ணாடி உடையலாம்.

ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர் என்றால், துடிப்பே குறைவாகத்தான் ஏறும். உங்களுக்கான இலக்கு எண்ணை வாட்ச்சிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள்.