துணை பெண்ணாக இருந்தால் பரிசோதனை வேண்டாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஆண்களோடு உறவு இருந்ததே இல்லை. என் துணையும் பெண்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை பற்றிக் கேட்டேன். "உங்களுக்கு அது தேவைப்படாது" என்று சொல்லி ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: பரிசோதனை செய்துகொண்ட பிறகு இருங்கள். இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்பிவி வைரஸால் வருவது. அது தோலோடு தோல் உரசினாலே பரவும். அதற்கு ஆண் தேவையில்லை. விரலும், இருவரும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் செக்ஸ் டாயும் போதும். உங்கள் துணைக்கு முன்பு யாருடன் உறவு இருந்தது என்பதும் கணக்கில் வரும், ஏனென்றால் வைரஸ் பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் தங்கும். கர்ப்பப்பை வாய் இருக்கிறவர்களுக்குப் பரிசோதனை உண்டு, அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை, 30 வயதிலிருந்து 5 முதல் 10 ஆண்டுக்கு ஒருமுறை ஹெச்பிவி பரிசோதனை. ஹெச்ஐவி இருந்தால் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். கர்ப்பப்பை வாய் செல்களை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பாப் ஸ்மியர்தான் கிடைக்கிறது என்றால் 3 ஆண்டுக்கு ஒருமுறை. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் பிறப்புறுப்பில் கிரீம், மாத்திரை எதுவும் வைக்காதீர்கள்.

பலர் தள்ளிப்போடுவது, பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவியான ஸ்பெகுலத்துக்குப் பயந்துதான். உள்ளே எதையும் நுழைத்துப் பழக்கமில்லாதவர்களுக்கு அது வலிக்கும். பயத்தில் தசை இறுகினால் இன்னும் வலிக்கும். குறுகலான ஸ்பெகுலம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நுழைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் மூச்சை மெல்ல வெளியே விடுங்கள், இடுப்பைத் தூக்காதீர்கள். "நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும்" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதுவும் முடியாது என்றால், பஞ்சுக்குச்சியால் நீங்களே மாதிரி எடுத்துத் தரும் முறை ஹெச்பிவி பரிசோதனையில் உண்டு. பாப் ஸ்மியருக்கு அது செல்லாது. செல்களைக் கர்ப்பப்பை வாயிலிருந்தே சுரண்டி எடுத்தாக வேண்டும்.

ஹெச்பிவி தடுப்பூசிக்கு 9 முதல் 14 வயதுதான் மிகப் பொருத்தம். 26 வரை விட்டதைப் பிடிக்கலாம். உங்கள் வயதில் பலன் குறையும் என்பதால் டாக்டரிடம் பேசி முடிவெடுங்கள். ஊசி போட்டவர்களும் பரிசோதனையை விடக்கூடாது.

கேள்வி: மீன் வாடையோடு வெள்ளைப்படுகிறது. பூஞ்சைத் தொற்று என்று நினைத்து மருந்துக்கடையில் கிரீம் வாங்கிப் போட்டேன், போகவில்லை. இப்போது என் துணைக்கும் அதே வாடை.

பதில்: போகாததில் ஆச்சரியமில்லை. பூஞ்சை என்றால் தயிர்த் திப்பி போலக் கெட்டியாகப் படும், அரிக்கும், வாடை பெரிதாக இருக்காது. நீங்கள் சொல்வது பாக்டீரியல் வஜைனோசிஸ் போலத் தெரிகிறது: நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளை, மீன் வாடை. பிறப்புறுப்பைப் புளிப்பாக வைத்திருக்கும் லாக்டோபேசில்லஸ் கிருமிகள் குறைந்து, வேறு கிருமிகள் பெருகுவதால் வருவது. பெண்ணோடு உறவு கொள்ளும் பெண்களிடம் இது அதிகம், ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருப்பது சகஜம்.

இதற்குப் பூஞ்சை கிரீம் வேலை செய்யாது. புளிப்பு குறைந்ததைக் காட்டும் வகையில் பிஹெச் அளவு 4.5-க்கு மேல் இருக்கிறதா, மைக்ரோஸ்கோப்பில் பாக்டீரியா மொய்த்த செல்கள் தெரிகின்றனவா என்று டாக்டர் பார்ப்பார். வழக்கமான சிகிச்சை மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். மூன்றாம் நாளே வாடை போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். உங்கள் துணைக்கும் அறிகுறி இருப்பதால் அவரும் தனியாகப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். உங்கள் மாத்திரையைப் பங்குபோட வேண்டாம். சோப்பு விட்டு உள்ளே கழுவுவதை இன்றோடு விடுங்கள், நல்ல கிருமியும் சேர்ந்து அடித்துக்கொண்டு போய்விடும்.

டாய்க்கு ஆணுறை மாட்டுங்கள், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும்போது அதையும் மாற்றுங்கள். மோட்டார் இல்லாத முழு சிலிக்கான் டாயைக் கொதிநீரில் 10 நிமிடம் போடலாம். ஜெல்லி ரப்பர் வகைகளில் நுண்துளைகள் உண்டு, எவ்வளவு கழுவினாலும் கிருமி உள்ளே தங்கும். சிலிக்கான் டாய்க்கு சிலிக்கான் லூப்ரிகென்ட் (உராய்வைக் குறைக்கும் திரவம்) சரிப்படாது, பிசுபிசுத்துக் கெட்டுப்போகலாம். எண்ணெய் லேடெக்ஸ் ஆணுறையைக் கிழிக்கும். நீர் அடிப்படையிலான லூப்ரிகென்ட் இரண்டுக்கும் ஒத்துவரும்.

வாய்வழி உறவுக்கு ஒரு ஆணுறையின் நுனியையும் வளையத்தையும் வெட்டி, நீளவாட்டில் கீறி விரித்தால் தடுப்புத் தாள் தயார். உதட்டில் கொப்புளம் இருக்கிற நாட்களில் தாளையும் நம்பாதீர்கள், வாய்வழி உறவே வேண்டாம். அந்தக் கொப்புளத்துக்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் அங்கிருந்து பிறப்புறுப்புக்கு இறங்கும்.

கேள்வி: குழந்தை பெறாத எனக்கு மார்பகப் புற்றுநோய் அபாயம் அதிகமா? வயது 45.

பதில்: சற்று அதிகம். பிரசவமும் தாய்ப்பால் தருவதும் ஓரளவு பாதுகாப்பு தருபவை. காரணம் அதுதான், யாரைக் காதலிக்கிறீர்கள் என்பது அல்ல. மதுவும், மாதவிடாய் நின்றபின் கூடும் எடையும் அபாயத்தை ஏற்றும். குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுங்கள். மார்பகத்தோடு தொடர்பில்லாத இன்னொன்று: மாதவிடாய் நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.