பூவுக்குள்ளிருந்து கொழுந்து வருகிறதா? ரோஜா கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில் மொட்டைமாடியில் ஹைப்ரிட் டீ ரோஜா (பெரிய பூப் பூக்கிற ஒட்டு ரகம்) வளர்க்கிறேன். பூ ஏன் இப்படி வருகிறது என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். கேட்கும்போது எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள், செடி தொட்டியிலா தரையிலா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

கீழக்கரை: அண்ணே, பீஸ் ரோஜா விரிந்ததும் நடுவிலிருந்து பச்சைத் தண்டு கிளம்பி, அதன் நுனியில் இன்னொரு மொட்டு நிற்கிறது. நாலு நாளைக்கு ஒருமுறை கடல்பாசிச் சாறு தெளிக்கிறேன். நோயா? பிடுங்கிவிடவா?

பிடுங்காதீர்கள், லாத்தா. பூ என்பது குறுகிப்போன ஒரு கிளைதான். புல்லிவட்டம், இதழ், மகரந்தத்தாள் எல்லாம் இலைகள் மாதிரி அடுக்கடுக்காக வந்து, சூலகத்தோடு வளர்ச்சி நின்றுவிட வேண்டும். சில நேரம் நுனிக்கு அந்த 'நில்' என்ற உத்தரவு போய்ச் சேருவதில்லை. அது கிளையாகவே தொடர்ந்து வளர்ந்துவிடுகிறது. ஜெர்மன் கவிஞர் கதே 1790லேயே இப்படி ஒரு ரோஜாவைப் பார்த்து விவரித்து எழுதியிருக்கிறார்.

அந்தப் பூவை பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். அடித்தண்டின் பச்சை நரம்பு முறியாமல் பூவைத் துளைத்துக்கொண்டு மேலே போவது தெரியும்.

மொட்டு உருவாகும் நாட்களில் கடும் வெயில் அடித்தால் இப்படி வரும். செடியின் ஹார்மோன் கணக்கு பிசகினாலும் வரும். கடல்பாசிச் சாற்றில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உண்டு. நாலு நாளைக்கு ஒருமுறை என்பது அதிகம், கொஞ்ச நாள் நிறுத்துங்கள். பூவுக்குக் கீழே ஐந்து சிற்றிலை உள்ள இலையாகப் பார்த்து, அதற்குச் சற்று மேலே வெட்டிவிடுங்கள். பெரும்பாலும் அடுத்த பூ ஒழுங்காக வரும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடுத்தடுத்து எல்லாப் பூவும் பச்சை இதழாக வந்து, கிளைகள் துடைப்பம் மாதிரி நெருக்கமாக முளைத்தால் அது பைட்டோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் நோயாக இருக்கலாம். தத்துப்பூச்சி அதைப் பக்கத்துச் செடிக்கும் கொண்டுபோகும். அப்போது தயங்காமல் பிடுங்குங்கள்.

தங்கச்சிமடம்: மொட்டு ஒரு பக்கம் கோணுகிறது. இதழ் ஓரம் தீய்ந்த மாதிரி இருக்கிறது.

இலைப்பேன். வெள்ளைத் தாளில் பூவைத் தட்டுங்கள், மயிரிழை போல மஞ்சளாக ஓடும். கோணிய மொட்டுகளைப் பறித்துப் பையில் கட்டிப் போடுங்கள், செடியடியில் உதிர்க்காதீர்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

தொண்டி: இலை ஓரம் கருகுகிறது. பூ சட்டைப் பொத்தான் அளவுதான்.

போர் தண்ணீரா? தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள். 500க்குள் இருந்தால் நல்லது. 1500 தாண்டினால் எந்த உரம் போட்டும் பயனில்லை. ரோஜா உப்புத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வையுங்கள். மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரைத் தொட்டியின் அடியில் தாராளமாக வழியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். உங்கள் பக்கம் வாடைக் காற்று உப்பை அள்ளி வரும், ஏர்வாடிப் பக்கம் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. காற்றடித்த மறுநாள் காலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். கருவாடு ஊறிய தண்ணீரை மட்டும் ரோஜா பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

பாம்பன்: பூ சிறுத்துவிட்டது. எப்சம் உப்பு போடலாமா?

தொண்டிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எப்சமும் உப்புதான்.

ஏர்வாடி: எங்கள் அப்பத்தா மீன் கழுவின தண்ணீர்தான் ஊற்றும். ரோஜா கொத்துக் கொத்தாகப் பூக்கும். நீங்கள் சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

தம்பி, அப்பத்தா செய்தது தவறே இல்லை. கொத்துக் கொத்தாகப் பூத்தது என்றால் அது பன்னீர் ரோஜாவாக இருக்கும். அது சொந்த வேரில் நிற்கிற முரட்டுச் செடி. கிணற்றுத் தண்ணீரில் பச்சை மீன் கழுவினால் அதில் ரத்தமும் செதிலும்தான், அது உரம். நான் வேண்டாம் என்பது கருவாடு ஊறிய தண்ணீரையும், கடல் தண்ணீரில் அலசிய மீன் கழிவையும்.

தேவிபட்டினம்: ஏர்வாடிக்காரர் சொல்வதே சரி. மீன் அமிலத்தை எல்லோரும் பயன்படுத்துகிறார்களே?

மீன் அமிலம் வேறு. மீன் கழிவும் வெல்லமும் சம அளவு சேர்த்து நொதிக்க வைப்பது. லிட்டருக்கு 5 மில்லி போதும், அதுவும் கழிவை முதலில் நல்ல தண்ணீரில் அலசியிருந்தால்.

ஏர்வாடி: பன்னீர் ரோஜாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவாட்டுத் தண்ணீரும் ஊற்றியதைக் கண்ணால் பார்த்தேன்.

பார்த்திருப்பீர்கள், தம்பி. மணல் தரையில் ஒரு மழை பெய்தால் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டியில் அது போக இடமில்லை. 2011ல் என் டபுள் டிலைட் ரக ரோஜாத் தொட்டியில் வீட்டில் யாரோ ஒரே ஒரு தடவை கருவாட்டுத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். பத்தே நாளில் இலை முழுக்கக் கருகி உதிர்ந்தது. கடைசியாக வந்த மொட்டு விரியாமலே காய்ந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

பரமக்குடி: வாங்கும்போது பெரிய சிவப்புப் பூ. இப்போது சின்னச் சின்னதாகக் கொத்துப் பூ.

ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே, வேருக்காக வைத்த அடிச்செடி கிளம்பிவிட்டது. மண்ணை விலக்கி, அந்தக் கிளையை வெட்டாமல் அடியோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் மறுபடி முளைக்கும்.

மண்டபம்: பீஸ் ரோஜா மஞ்சளே இல்லாமல் வெளிறிப் பூக்கிறது.

சித்திரை வெயில். மார்கழியில் நிறம் திரும்பும்.

சாயல்குடி: பூ சிறுத்துவிட்டது, என்ன உரம் போடலாம்?

டிடிஎஸ் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

திருப்புல்லாணி: மல்லிகை மொட்டு சிவந்து கொட்டுகிறது.

மல்லிகையில் எனக்கு அனுபவம் போதாது. தங்கச்சிமடத்து நாற்றுக்காரர்களிடம் ஒரு கிளையோடு போய்க் காட்டுங்கள்.