நாலாவது குழாய்

பல் டாக்டர் பதில்கள்

கேள்வி: மேல் கடைவாய்ப்பல்லுக்குப் போன வருஷம் ரூட் கேனால் செய்து கேப்பும் போட்டாயிற்று. இப்போது அழுத்திக் கடித்தால் வலி, ஈறில் சின்னக் கொப்புளம். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். வேறொரு டாக்டர் த்ரீ டி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அவசியமா, காசு பிடுங்கும் வேலையா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: “எக்ஸ்ரேயில் எல்லாம் சரி” என்ற வரியைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாகிவிட்டது. பல வருஷம் முன்னால் இதையே நான் ஒரு பஸ் கண்டக்டரிடம் சொல்லியிருக்கிறேன். விசில் ஊதினால் பல்லுக்குள் விண்ணென்று இழுக்கிறது என்று வந்தார். ரூட் கேனாலில் நான் அடைத்த மூன்று குழாய்களும் வெள்ளைக் கோடுகளாக வேர் நுனி வரை அழகாக இறங்கியிருந்த படத்தை விளக்கில் பிடித்துக் காட்டி அனுப்பிவைத்தேன். மூன்றாம் முறை வந்தபோது அவர் சொன்னார்: “படம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா, பல்லுதான் வலிக்குது.”

மேல் முதல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர்கள். கன்னப் பக்கம் இரண்டு, அண்ணப் பக்கம் ஒன்று. கன்னப் பக்கத்து முன் வேர் மட்டும் தட்டையானது. பாதிக்கு மேற்பட்ட பற்களில் அதற்குள் நரம்புக் குழாய்கள் இரண்டு ஓடும். இரண்டாவதை எங்கள் தொழிலில் ‘எம்.பி. டூ’ என்போம். தலைமுடி போல மெலிந்து, முதல் குழாயிலிருந்து அண்ணப் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் தள்ளி, பல்லின் சொந்தக் கடினப் பொருளான டென்டினே கூரை போட்டு மூடியிருக்க, ஒளிந்து கிடக்கும். சாதா எக்ஸ்ரேயில் கதிர் கன்னத்திலிருந்து அண்ணத்தை நோக்கிப் போகிறது. அதனால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் இரண்டு தென்னை மரம் ஒரே மரமாகத் தெரிகிற கதைதான். டியூபைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு படம் எடுத்தால் சில சமயம் பிரிந்து தெரியும். அன்று அதையும் நான் செய்யவில்லை.

பிறகு அவருக்குக் கோன் பீம் சி.டி. எடுத்தோம். உங்கள் டாக்டர் சொல்லும் த்ரீ டி ஸ்கேன் அதுதான். அதில் வேரை வாழைத்தண்டு நறுக்குவது போலக் குறுக்கே வில்லை வில்லையாகப் பார்க்கலாம். அந்த முன் வேரின் வில்லையில் நான் அடைத்த வெள்ளைப் புள்ளி நடுவில் இல்லை, கன்னப் பக்கம் ஒதுங்கியிருந்தது. வேரில் ஒரே குழாய்தான் என்றால் அது ஏறக்குறைய நடுவில் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஊசிமுனை அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அதுதான் சுத்தம் செய்யாமல் விட்ட குழாய். பல்லை மறுபடி திறந்து, மைக்ராஸ்கோப் வைத்துத் தேடி, சுத்தம் செய்து அடைத்தேன். விசில் பிரச்சினை போயிற்று.

ஆகவே உங்கள் டாக்டர் கேட்பது நியாயம். ஆனால் உங்கள் பல்லிலும் இதே காரணம்தான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. வேரில் விரிசல் இருந்தாலும் இப்படிக் கொப்புளம் வரும். ஒன்று கவனியுங்கள்: உலோக கேப்பும் பழைய அடைப்பும் ஸ்கேனில் கறுப்புக் கோடுகளாக நிழல் விடும். பழகாத கண்ணுக்கு அது விரிசல் போலவே தெரியும். படம் எடுப்பதைவிடப் படிப்பவர் யார் என்பது முக்கியம். முழுத் தாடை வேண்டாம், அந்தப் பல் இருக்கும் பகுதி மட்டும் போதும் என்று எழுதி வாங்குங்கள். மூக்குத்தி, தோடு கழற்றிவிட்டுப் பத்து இருபது வினாடி அசையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: பி.டி.எஸ். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உயிருள்ளவர்களுக்கே முப்பரிமாண ஸ்கேன் வந்த பிறகும் ஆராய்ச்சிக்கு ஏன் பிடுங்கிய பற்களைச் சேகரிக்கிறார்கள்?
(மாணவர், சேலம்)

பதில்: கோன் பீமின் மிக நுண்ணிய படத்திலும் ஒரு புள்ளி சுமார் 0.08 மில்லிமீட்டர். இரண்டு குழாய்களை இணைக்கும் மெல்லிய சந்து, பக்கவாட்டுக் கிளைகள் பலவும் அதில் கரைந்துபோகும். பிடுங்கிய பல்லை வைத்து எடுக்கும் மைக்ரோ சி.டி. ஸ்கேனில் 0.01, 0.02 மில்லிமீட்டர் வரை போகலாம். ஆனால் பல் மணிக்கணக்கில் கருவிக்குள் சுற்ற வேண்டும், கதிர் அளவும் அதிகம். வாயில் இருக்கும் பல்லுக்கு அது ஆகாது.

பிடுங்கிய பல்லை வைத்துச் செய்யும் இந்த ஆராய்ச்சிக்கு முன்னோடி ஒருவர் சூரிச்சில் இருந்தார். வால்டர் ஹெஸ் பற்களுக்குள் ரப்பரைச் செலுத்திக் கெட்டியாக்கி, பல்லை அமிலத்தில் கரைத்துவிட்டு, உள்ளே இருந்த குழாயின் அச்சை மட்டும் எடுத்தார். 1917இல் வெளியிட்டார். கடைவாய்ப்பல் அச்சுகளைப் பார்த்தால் நேரான மூன்று குழல்களாக இல்லை, வலையும் விழுதுமாக இருக்கும். 1984இல் வெர்டூச்சி 2,400 பற்களைக் கண்ணாடி போலத் தெளிய வைத்து, சாயம் ஏற்றி, எட்டு வகையாகப் பிரித்தார். நீங்கள் பரீட்சைக்கு உருப்போடும் பட்டியல் அதுதான்.

இரண்டு முறையிலும் பல்லை ஒரே தடவைதான் பயன்படுத்த முடியும். மைக்ரோ சி.டி.யில் பல் அப்படியே இருக்கும், ஃபைல் (குழாயைச் சுரண்டும் மெல்லிய அரம்) போடுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்கலாம். அதே சூரிச்சில் 2001இல் மேல் கடைவாய்ப்பற்களில் அப்படிப் பார்த்தபோது, எந்த முறையில் சுரண்டினாலும் குழாய்ச் சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ கருவி தொடவே இல்லை என்று தெரிந்தது. கிருமி கொல்லும் திரவமான ஹைபோகுளோரைட்டை ஊற்றிக்கொண்டே இரு என்று உங்கள் புரொபஸர் கத்துவது இதனால்தான். அவர் கத்தட்டும், நீங்கள் ஊற்றுங்கள்.

கேள்வி: ஸ்கேன் சென்டரில் பளபளவென்று ஒரு ஷீட் கொடுத்தார்கள். டாக்டரிடம் அது போதுமா? ரேடியேஷனும் பயமாக இருக்கிறது.
(வாசகர், காரைக்குடி)

பதில்: சிறிய பகுதிக்கு எடுக்கும் கோன் பீம், பத்துகளில் தொடங்கிச் சில நூறு மைக்ரோசீவர்ட் (கதிர் அளவின் அலகு) வரை போகலாம். இயற்கையாகவே வருஷத்துக்கு நமக்குச் சுமார் 2,400 கிடைக்கிறது. பயம் வேண்டாம், ஆனால் சாதா பல் எக்ஸ்ரேயைவிட இது அதிகம்தான். காரணமில்லாமல் எடுக்கக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஷீட் போதாது. அதில் யாரோ தேர்ந்தெடுத்த நாலைந்து வில்லைகள்தான் இருக்கும், எங்களுக்குத் தேவையானது அடுத்த வில்லையில் இருக்கும். மவுஸைச் சுழற்றி மேலும் கீழும் போய்ப் பார்க்க ஸ்கேனின் முழுக் கம்ப்யூட்டர் ஃபைலும் வேண்டும். குறுந்தகடு அல்லது பென் டிரைவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.