சப் ஊஃபர் பெட்டிக்கு எவ்வளவு நீள பைப்?

வணக்கம்ங்கண்ணா,

வீட்டுக்கு 12 இஞ்ச் சப் ஊஃபர் பெட்டி செய்தேன். 18 மி.மீ. பிளைவுட், 50 × 40 × 40 செ.மீ., அதாவது 80 லிட்டர். 32 ஹெர்ட்ஸுக்குக் கணக்குப் போட்டு, போர் போட்டபோது மிஞ்சிய 4 இஞ்ச் பி.வி.சி. பைப்பில் 23.5 செ.மீ. வெட்டிப் பின்பக்கம் மாட்டினேன். எந்தப் பாட்டைப் போட்டாலும் ஒரே மாதிரி ‘தொம் தொம்’. அடியாழத்துச் சத்தம் காணோம். நோம்பிக்கு மைக் செட் போடும் அண்ணன், “இன்னொரு பைப் வை, சரியாகும்” என்கிறார். வைக்கலாமுங்களா?

வாசகர், காங்கயம்

தம்பி,

வைக்காதீர்கள். அதே நீளத்தில் இரண்டாவது பைப்பை வைத்தால் பெட்டியின் டியூனிங், அதாவது பைப்பும் பெட்டியும் சேர்ந்து ஒலிக்கும் ஹெர்ட்ஸ், சுமார் 1.4 மடங்கு ஏறிவிடும். உங்கள் பெட்டி இப்போதே 32-ல் இல்லை, 38-ல் இருக்கிறது. 32-க்கு இறங்க வேண்டியது 54, 55-ல் போய் நிற்கும்.

உங்கள் சூத்திரத்தில் தப்பில்லை, நானும் போட்டுப் பார்த்தேன். அதில் போட்ட 80 லிட்டர்தான் தப்பு. அது பெட்டியின் வெளி அளவு. ஒவ்வொரு பக்கமும் 18 மி.மீ. பலகையைக் கழித்தால் உள்ளே 46.4 × 36.4 × 36.4 செ.மீ.தான் இருக்கிறது. அது 61.5 லிட்டர். ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (அதைத் தாங்கும் சட்டம்) சுமார் 3 லிட்டரைப் பிடித்துக்கொள்ளும், பைப் இன்னொரு 2 லிட்டர். மிச்சம் 56 லிட்டர். அந்தப் பெட்டியில் 23.5 செ.மீ. பைப் 38 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். நீங்கள் கேட்கும் ‘தொம் தொம்’ பெரும்பாலும் இதுதான்.

வேலை செய்யும் விதம் சுலபம். காலி சோடா பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு சுருதி வருமே, அதேதான். பைப்புக்குள் இருக்கும் காற்று எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். பெட்டி சிறுத்தால் ஸ்பிரிங் இறுகிச் சுருதி ஏறும். பைப் நீண்டால் எடை கூடிச் சுருதி இறங்கும். பைப்பை அகலமாக்கினால் சுருதி ஏறும், அதை இறக்க நீளத்தைக் கூட்ட வேண்டும்.

கணக்கு இப்படி: பைப்பின் உள்விட்டத்தைச் செ.மீ.யில் எடுத்து வர்க்கமாக்கி 23,562-ஆல் பெருக்குங்கள். ஹெர்ட்ஸின் வர்க்கத்தையும் லிட்டரையும் பெருக்கி, வருவதால் அதை வகுங்கள். கடைசியில் உள்விட்டத்தின் 0.732 மடங்கைக் கழியுங்கள். இந்தக் கழித்தல் ஏனென்றால், பைப்பின் இரண்டு வாய்க்கும் வெளியே கொஞ்சம் காற்றும் சேர்ந்தே ஆடும், அதுவும் நீளத்தில் சேர்ந்துவிடும்.

உங்கள் பைப்பின் உள்விட்டம் 10.4 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறேன். அளந்து பாருங்கள், போர் கேசிங் பைப்பில் சுவர் தடிமன் மாறும். நீளமான பைப் இன்னும் கொஞ்சம் இடம் பிடிப்பதால் பெட்டியை 55 லிட்டர் என்று எடுத்தால், 32 ஹெர்ட்ஸுக்கு வருவது 37.6 செ.மீ. புதுப் பைப் வாங்க வேண்டாம். இருப்பதோடு ஒரு கப்ளிங் போட்டு 14 செ.மீ. துண்டைச் சேர்த்தால் போதும். 50 செ.மீ. பக்கத்தின் நெடுக, மூலையை ஒட்டி வைத்தால் உள்வாய்க்கும் எதிர்ப் பலகைக்கும் நடுவே பத்தரை செ.மீ. கிடைக்கும். குறைந்தது ஒரு விட்டம் அளவு இடைவெளி வேண்டும், அது மட்டும் சரியாகப் பொருந்துகிறது. உங்கள் அதிர்ஷ்டம்.

4 இஞ்ச் போதுமா என்பது வேறு கேள்வி. பைப் ஒடுக்கமாக இருந்தால் சத்தம் ஏற்றும்போது ‘புஸ் புஸ்’ என்று காற்று இரையும். 1970-களில் ஸ்பீக்கர் பெட்டிகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஸ்மால் கொடுத்த விதி ஒன்று இருக்கிறது: ஸ்பீக்கரில் முன்னும் பின்னும் ஆடும் கூம்பு தள்ளும் காற்றின் கன மீட்டரை ஹெர்ட்ஸால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் குறைந்தபட்ச விட்டம் மீட்டரில் வரும். 12 இஞ்ச் ஸ்பீக்கரின் கூம்பு ஒரு பக்கம் 6 மி.மீ. நகர்ந்தால் 10 செ.மீ. பைப் போதும். 10 மி.மீ. நகர்கிற ரகம் என்றால் பன்னிரண்டரை வேண்டும். வீட்டுக்குள் யாரும் அந்த அளவுக்கு ஏற்றுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நல்லவராக இருந்தால் நான் பொறுப்பல்ல.

மைக் செட் அண்ணன் மேல் கோபப்பட வேண்டாம். கோயில் மைதானத்துப் பெட்டிகளை 40-க்கு மேலேயே டியூன் செய்வது வழக்கம். அங்கே ஆழத்தைவிடச் சத்தம்தான் முக்கியம். அவர் தன் பெட்டியை மனதில் வைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

அப்புறம் ஒன்று. 32-க்குக் கீழே கூம்பைப் பெட்டி தாங்காது, கட்டின்றி ஆடும். ஆம்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிகத் தாழ்ந்த ஹெர்ட்ஸை வெட்டிவிடும் வசதி) இருந்தால் 25-ல் வையுங்கள்.

பைப்பைப் பசை போடாமல், இடுக்கில் டேப் மட்டும் சுற்றி முதலில் சோதியுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, மிதமான சத்தத்தில் 45 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறக்குங்கள். கூம்பு எந்த எண்ணில் ஏறக்குறைய நின்று, பைப் வாயில் காற்று பலமாக அடிக்கிறதோ அதுதான் டியூனிங். 34 என்று காட்டினால் துண்டை இன்னும் நீட்டுங்கள், 30 என்றால் அரை அரை செ.மீ.யாக அறுத்து வாருங்கள். 32 கிடைத்த பிறகு ஒட்டுங்கள்.