ஓடலைன்னா கல்ட்டா?

கேள்வி: போன வாரம் ரிலீஸான படத்தைக்கூட 'கல்ட் கிளாசிக்'னு சொல்றாங்க. ஓடலையேன்னு கேட்டா 'பத்து வருஷம் கழிச்சு கொண்டாடுவீங்க'ன்னு டயலாக் வேற. ஒரு படம் கல்ட் ஆக உண்மையில என்னதான் வேணும்?

பதில்: கல்ட்டுங்கறது ஒரு சின்னக் கூட்டம் விடாம கொண்டாடற படத்துக்கு ஊரா பார்த்து வைக்கிற பட்டப்பேருங்க, எடுத்தவரே தனக்கு வெச்சுக்கிட்டா எடுபடாது. ஓடாத படம்லாம் கல்ட்டுன்னா கோடம்பாக்கத்துல முக்கால்வாசி பேர் மேதைதான்.

'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'ங்கற இங்கிலீஷ் படத்தை எடுத்துக்குங்க. 1975ல வந்தப்ப பெருசா சீண்ட ஆள் இல்ல. அடுத்த வருஷம் நியூயார்க்ல ஒரு தியேட்டர்ல அதை நடுராத்திரி ஷோவா போட ஆரம்பிச்சாங்க, வந்தவங்களே திரும்பத் திரும்ப வந்தாங்க, ஸ்கிரீன்ல ஒருத்தர் பேசினா இவங்க கீழருந்து பதில் வசனம் விட்டாங்க, கேரக்டர் மாதிரியே வேஷம் கட்டிட்டு வந்தாங்க, கல்யாண சீன் வந்தா அரிசியை அள்ளி வீசினாங்க, கடைசில படம் பாதி பார்க்க வந்தவன் பாதின்னு ஆயிடுச்சு. அந்த மிச்சப் பாதி எந்த டைரக்டரும் ஸ்கிரிப்ட்ல எழுதி வெச்சது இல்ல.

சரி, அதுக்கு படம் நல்லா இருக்கணுமான்னா, அவசியமே இல்ல! 2003ல வந்த 'தி ரூம்' அநியாயத்துக்கு மோசமான படம். செட்ல ஒரு ஃபோட்டோ ஃப்ரேமுக்குள்ள ஸ்பூன் படம் இருக்கும், ஏன்னு கேக்காதீங்க. அது தெரியறப்பல்லாம் ஜனங்க பிளாஸ்டிக் ஸ்பூனை ஸ்கிரீன் மேல வீசறாங்க, அதுக்குன்னே டிக்கெட் வாங்கறாங்க. 1982ல வந்த 'பிளேட் ரன்னர்' நேர் எதிர், நல்ல படம், ஸ்டுடியோ உள்ள புகுந்து வாய்ஸ் ஓவரையும் சந்தோஷமான முடிவையும் ஒட்ட வெச்சுது. வீடியோல பார்த்தவங்க விடல, அந்த ஒட்டு ரெண்டையும் எடுத்துட்டு 1992ல ஒரு வெர்ஷன், 2007ல இன்னொண்ணுன்னு வந்துச்சு.

நம்ம ஊர்ல 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டர்ல தேறல, டிவி தூக்கி நிறுத்துச்சு. ஆனா அதை இன்னும் கல்ட்டுன்னு சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, இப்ப அது பிடிக்காதுன்னு சொல்றவன்தான் சிறுபான்மை. கல்ட்டுன்னா கொஞ்ச பேர் கையில இருக்கணும், அந்தக் கொஞ்ச பேரும் அடுத்தவனைப் புடிச்சு உக்கார வெச்சு காட்டணும். 2011ல வந்த 'ஆரண்ய காண்டம்' அப்படிப் பரவினதுதான், ரெண்டு நேஷனல் அவார்டு வாங்கியும் தியேட்டருக்குக் கூட்டம் வரல, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் பார்த்து, பார்த்தவனே மறுபடி பார்த்து, வசனத்தை மனப்பாடமா ஒப்பிச்சு.

உங்ககிட்ட அந்த பத்து வருஷ டயலாக் விட்டவரை மறுபடி பார்த்தா, அவரே இதுக்கு முன்னாடி கல்ட்டுன்னு சொன்ன படத்தை கடைசியா எப்ப பார்த்தாருன்னு மட்டும் கேளுங்க.